திருப்போரூர் பஸ்

ஒரு பட்டணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கோட்டையிலிருந்து தொடங்குவர். துறைமுகத்தையும் நீதிமன்றத்தையும் ஆலைகளையும் விவரிப்பர். கவர்னர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவர். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, தூக்குப் பாத்திரத்தில் பழையதை எடுத்துக்கொண்டு, சாலையோரத்து மரத்தடியில் வந்து நின்றவனைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. அவனை ஏற்றிச் சென்ற பஸ்ஸைப் பற்றியோ கேட்கவே வேண்டுவதில்லை. ஆயினும் சென்னைப் பட்டணம் கைத்தொழில் நகரமாக வளர்ந்த கதையில் பாதி அந்தப் பஸ்ஸுக்குள்தான் நடந்தது என்பது நமது துணிபு.

திருப்போரூர் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பழைய மகாபலிபுரம் சாலையின் மேல் இருக்கிறது. கந்தசுவாமி கோயிலால் பெயர் பெற்ற தலம். பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் பனங்காட்டிடையே மறைந்து கிடந்த மூர்த்தியைக் கண்டு கோயில் எழுப்பினார் என்பது அவ்வூர் மரபு. இத்தகைய ஸ்தலத்தைக் கைத்தொழில் நகரத்தைப் பற்றிய கட்டுரையில் ஏன் இழுக்கிறீர் என்று வாசகர் கேட்கலாம். நகரசபை நட்டு வைத்த எல்லைக் கல்லோடு ஒரு நகரம் முடிந்துவிடுவதில்லை. அதன் ஆலையில் வேலை செய்பவன் இரவில் எங்கே போய்ப் படுக்கிறானோ அதுவரையில் நகரம் நீளுகிறது. அவ்வகையில் நோக்கினால் திருப்போரூரும், அதற்கு மேற்கே இள்ளலூர், காயார், மானாம்பதி முதலிய கிராமங்களும் நெடுங்காலமாகவே பட்டணத்தின் ஒரு மூலையாக இருந்து வந்திருக்கின்றன. அந்த மூலையையும் பட்டணத்தையும் கட்டி வைத்த கயிறு பஸ்.

பஸ்ஸுக்கு முன்னே படகு இருந்தது. திருப்போரூருக்கும் கடலுக்கும் இடையே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை இன்று பார்ப்பவர்கள், அது ஒரு காலத்தில் ராஜபாட்டையாக விளங்கியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சென்னைக்கு வடக்கே 1806ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கியது அக்கால்வாய். 1877-78ஆம் ஆண்டுகளில், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய ஜனங்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் அதனால் இணைத்தனர். அப்போதிருந்த கவர்னரின் பெயரையே அதற்குச் சூட்டினர். வெட்டியவன் பெயர் எந்தக் கால்வாய்க்குத்தான் வந்தது? தெற்கே மரக்காணம் வரையில் படகுகள் போய்வந்தன. சவுக்கு விறகும் உப்பும் அவற்றில் ஏறிப் பட்டணத்து அடுப்புகளைச் சேர்ந்தன. லாரி வந்தபின் படகின் செல்வாக்குக் குன்றியது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் எஞ்சியதையும் கெடுத்தன. அதன் பிறகு கிராமத்தானுக்குச் சாலையே கதியாயிற்று.

சாலை என்றோமே, அது எத்தகைய சாலை? இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். அடையாற்றைத் தாண்டிவிட்டால் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், படூர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றூர்கள். இடையிடையே ஏரியும் வயலும் சவுக்குத் தோப்பும். கேளம்பாக்கத்தை நெருங்கும்போது காற்றிலே உவர் வீசும். கிழக்கே கோவளத்தை நோக்கி உப்பளங்கள் விரிந்து, வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். அந்த வெண்மையைக் கண்டவுடன் 1930ஆம் ஆண்டை நினையாத முதியவர் அந்தக் காலத்துப் பஸ்ஸில் இருந்திருக்கமாட்டார். உப்புவரி 1947இல் ஒழிந்தது. ஆனால் உப்பளத்துக் கூலிக்காரனின் பாதம் வெடித்துக்கொண்டேதான் இருந்தது. அவனும் பஸ்ஸில் ஏறுவான். ஏறியவுடன் ஓரமாக ஒதுங்கி நிற்பான். தையூர் தாண்டினால் கோயிற் கோபுரம். கோபுரம் கண்ணுக்குப் பட்டதும் பஸ்ஸுக்குள் பாதிப்பேர் கைகூப்புவார்கள். மற்றப் பாதிப்பேர் மூட்டையைத் தேடுவார்கள்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடையாமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் ஓர் அடுப்பு. அதில் மரக்கரியை இட்டுக் காற்றுச் சக்கரத்தைச் சுழற்றிப் புகையெழுப்பி, அந்த வாயுவைக் கொண்டு யந்திரத்தைக் கிளப்ப வேண்டும். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியதும் உண்டு. காசும் கொடுத்துத் தள்ளவும் வேண்டுமா என்று அப்போது எழுந்த கேள்வி இன்றளவும் பலரிடம் வழங்கிவருகிறது.

பட்டணத்திற்குள் 1895ஆம் ஆண்டு முதல் டிராம் ஓடிற்று. 1953இல் அது நின்றது. அதற்கு முன்பே, 1947ஆம் ஆண்டில், சென்னைச் சர்க்கார் தாமே பஸ் நடத்தத் தலைப்பட்டனர். அதே தசாப்தத்திலும் அதற்கு அடுத்ததிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. எண்ணூரில் 1948இல் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலை பின்னாளில் பஸ்ஸுக்கே அடிச்சட்டம் செய்து கொடுத்தது. பெரம்பூரில் 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அடுத்த தசாப்தத்தில் பெருகியது. 1972ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பட்டணத்து பஸ்கள் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் வந்தன. மதுரைக்குப் பாண்டியன், கோயமுத்தூருக்குச் சேரன், கும்பகோணத்திற்குச் சோழன் என அவ்வாண்டிலேயே கழகங்கள் தோன்றின. மூவேந்தர்களும் பல்லவரும் மீண்டும் தமிழ்நாட்டை ஆளத் தொடங்கியதைப் போன்ற ஒரு பெருமிதம் அக்காலத்து இளைஞரிடையே இருந்தது. வேந்தர்கள் நேரத்திற்கு வருவதில்லை என்ற பரிகாசமும் கூடவே இருந்தது.

இந்தத் தொழில் நகரத்தின் வாழ்வு எழுத்தில் பதிந்த இடம் ஒன்று உண்டென்றால் அது பஸ் நிறுத்தத்தின் பெயரே. அம்பத்தூர், பாடிப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கூவுவதைக் கேட்டவர்கள் அறிவார்கள்: டன்லப், வாவின், டி.ஐ. சைக்கிள், பிரிட்டானியா, லூகாஸ். இவை தெய்வங்களின் பெயரல்ல, தலைவர்களின் பெயரல்ல. டயரும் குழாயும் சைக்கிளும் பிஸ்கோத்தும் செய்த இடங்களின் பெயர். நமது தெற்குச் சாலையிலும் தரமணியை அடுத்து 'எஸ்.ஆர்.பி. டூல்ஸ்' என்றொரு நிறுத்தம். அங்கே இறங்குகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது இரும்பை அறுக்கும் கருவிகள் செய்த ஆலையின் பெயர் என்று தெரியும்? பெரம்பூரில் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, இந்நாட்டின் முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறப்பதற்குக் காரணமாயிருந்த ஆலை அது, வாடியாவும் திரு.வி.க.வும் பேச, ஆயிரக்கணக்கானவர் கேட்ட இடம். ஆலை மறைந்தாலும் கண்டக்டர் வாயில் அதன் பெயர் மறையவில்லை. முதலாளிகள் கல்லில் பொறித்த பெயர்கள் அழிந்தன; தொழிலாளி இறங்குமிடம் என்று வழங்கிய பெயர் தங்கியது.

கண்டக்டரைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். தோளிலே தோற்பை, கையிலே வண்ண வண்ணமான டிக்கட் கட்டுகள், காதிலே பென்சில், வாயிலே விசில். கூலிக்கு ஒரு நிறம் என்பதால், டிக்கட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே அவன் எங்கே இறங்குவான் என்று சொல்லிவிடலாம். எச்சில் தொட்டுக் கிழிக்கும் அந்த வழக்கம் சுகாதாரத்திற்கு ஏற்றதன்று என்று படித்தவர்கள் முகஞ்சுளித்தனர். அதற்காக யாரும் டிக்கட் வாங்காமல் இறங்கிப் போனதில்லை. "ரைட்" என்றால் வண்டி போகும். "ஹோல்டான்" என்றால் நிற்கும். இந்த இரண்டு சொற்களையும் அறியாத கிராமத்துக் குழந்தை இல்லை. பையன்கள் தெருவில் கயிற்றைக் கட்டிப் பஸ் விளையாடும்போது டிரைவராகப் போட்டியிட்டதைக் காட்டிலும் கண்டக்டராகப் போட்டியிட்டதே அதிகம் என்பது நமது நினைவு. காரணம் பையும் விசிலுந்தான்.

அவன் கையில் அதிகாரமும் இருந்தது, கருணையும் இருந்தது. எந்த நாளில் எது வெளிப்படும் என்பதுதான் தெரியாது. திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து கூடை கூடையாகப் பூவும் கீரையும் ஏற்றிவருகிற பெண்கள் விடியற்காலை வண்டிக்குக் காத்திருப்பார்கள். கோவளத்து மீன்காரிகள் கேளம்பாக்கத்தில் ஏறுவார்கள். மீன்கூடைக்கு இடமில்லை என்று சொன்ன கண்டக்டரையும் நாம் பார்த்திருக்கிறோம். கூடையைத் தன் கையாலேயே வாங்கி ஆசனத்தின் கீழ்த் தள்ளிவிட்டு, "சில்லறை நாளைக்குக் குடும்மா" என்று சொல்லிப் போனவனையும் பார்த்திருக்கிறோம். முன்னவனைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதிப் போட்டவர் உண்டு. பின்னவனைப் பற்றி எழுதிப் போட்டவரைத்தான் காணோம். இச்சிறு கடன்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆயினும் பெரும்பாலும் திரும்பி வந்தன.

எண்களையும் சொல்லாமல் விட முடியாது. பட்டணத்தான் ஊர்ப்பெயர் சொல்லமாட்டான், எண் சொல்லுவான். சைதாப்பேட்டையிலிருந்து கேளம்பாக்கம் போகும் 19 பி, பாரிமுனையிலிருந்து கேளம்பாக்கம் போன 21 எச் ஆகியவற்றைச் சொந்தக்காரர் பெயர்போல் சொல்லிவந்த தலைமுறை ஒன்று இருந்தது. பின்னது பிற்காலத்தில் 102 ஆகிவிட்டது. பழைய பிரயாணிகள் அதைப் பழைய பெயராலேயே விசாரிப்பார்கள். தாம்பரத்திலிருந்து திருப்போரூர் வழியே மாமல்லபுரம் போகும் 515, தியாகராயநகர்ப் பக்கத்திலிருந்து திருப்போரூரைத் தொடும் 519 ஆகியவை கிருத்திகை நாளில் படும் பாட்டை முருகனே அறிவான். முகப்பில் வெள்ளைப் பலகை தொங்கினால் சாதாரணக் கட்டணம். மஞ்சள் பலகையானால் குறைந்த நிறுத்தம். பச்சைப் பலகையானால் விரைவு வண்டி. எழுத்தறியாத கிழவியும் நிறத்தைப் பார்த்து, மடியில் உள்ள காசை எண்ணி, ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். வெள்ளைப் பலகைக்காக ஒரு மணி நேரம் நின்றவர்களை நாம் அறிவோம்.

அந்த ஒரு மணி நேரத்திற்கு விலை என்ன? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. அதற்காக எத்தனையோ பேர் வேலைநிறுத்தம் செய்தனர், அடிபட்டனர், சிறை சென்றனர். ஆனால் தொழிலாளி வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே செலவழிக்கும் நேரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. திருப்போரூரிலிருந்து கிண்டிக்குப் போய்வருபவன் நாள்தோறும் நான்கு மணி நேரத்தைச் சாலையிலும் நிறுத்தத்திலும் கழித்தானானால், வாரத்திற்கு ஆறு நாளில் 24 மணி நேரம். அதாவது, கூலியில்லாமல் இன்னும் மூன்று நாள் வேலை. முதலாளி அதைக் கொடுப்பதில்லை, சர்க்காரும் கொடுப்பதில்லை. அவன் தன் தூக்கத்திலிருந்தும் குழந்தைகளின் முகத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறான். பஸ் கால் மணி தாமதித்தால் ஆலை வாயில் மூடப்படும். அரைநாள் சம்பளம் போகும். ஆகவே பஸ்ஸைச் சௌகரியம் என்று கூறுவது பிழை. அது கூலியின் ஒரு பகுதி. நம்மில் பலர் பஸ் கட்டண உயர்வைக் கண்டிக்கக் கூட்டம் போடுகிறோம். பஸ் வராததைக் கண்டிக்கக் கூட்டம் போடுவதில்லை. கட்டணம் உயர்ந்தால் சட்டைப்பை தெரிவித்துவிடுகிறது. நேரம் போனால் யாருக்கும் தெரிவதில்லை.

காலம் மாறிற்று. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் அந்தச் சாலையில் நிகழ்ந்ததை வருணிக்க நமக்கு ஆற்றலில்லை. வயலிலே கண்ணாடி மாளிகைகள் முளைத்தன. சிறுசேரியில் சிப்காட் பெரும் தொழிற்பூங்கா அமைத்தது. ஆறு தடங்கள் கொண்ட சாலை 2008இல் திறக்கப்பட்டு, ராஜீவ் காந்தி சாலை என்னும் பெயரோடு சுங்கச் சாவடிகளையும் பெற்றது. அவற்றுள் கடைசியான நாவலூர்ச் சாவடியில் வசூல் நின்றது 2023ஆம் ஆண்டு அக்டோபரில்தான். திருப்போரூருக்குத் தெற்கே ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை ஏற்கெனவே இருந்தது. முன்பு கிராமத்தான் தொழிலைத் தேடிப் பட்டணம் போனான். இப்போது பட்டணமே தொழிலைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தது. நல்லது என்றுதான் யாரும் எண்ணுவர். நாமும் அதை மறுக்கவில்லை. சம்பளம் வந்தது, கல்லூரி வந்தது, நிலத்தை விற்றவனுக்குச் சில காலம் பணமும் வந்தது.

ஆனால் அம்மாளிகைகளில் வேலை செய்வோர் கம்பெனி வண்டியில் வந்தனர். கம்பெனி வண்டியில் போயினர். கண்ணாடி மூடிய அந்த வண்டிகளிலிருந்து பார்த்தால் நிறுத்தத்தில் நிற்பவர் தெரிவர். நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியார். பழைய பஸ்ஸில் குமாஸ்தாவும் கொத்தனாரும் கோயில் குருக்களும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அதனால் ஜாதியும் வர்க்கமும் ஒழிந்துவிட்டன என்று நாம் பொய் கூறமாட்டோம். ஆனாலும் பஸ் வரவில்லையென்றால் அனைவருக்கும் வரவில்லை. ஆகவே குமாஸ்தா மனு எழுதினார், கொத்தனார் கைநாட்டு வைத்தார். எழுதத் தெரிந்தவனுக்கு வேறு வண்டி கிடைத்துவிட்டால் எழுதத் தெரியாதவனுக்காக மனு எழுத யார் இருக்கிறார்?

இந்தச் சாலையிலே இன்னொரு கூட்டமும் குடியேறியது. தானாக வந்ததன்று, கொண்டுவந்து விடப்பட்டது. கூவக்கரையிலும் கடற்கரையிலும் பட்டணத்தின் நடுவே பரம்பரையாக வாழ்ந்துவந்த ஏழைகளை, 2000ஆம் ஆண்டையொட்டி துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கு வீடுகள் கட்டிக் குடிவைத்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். வீடு இங்கே, வேலை மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும். காலை ஐந்து மணிக்குப் பாத்திரம் கழுவப் போகிற தாய் பஸ்ஸை நம்பித்தான் தன் வேலையை வைத்துக்கொண்டிருக்கிறாள். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. அதனால் அவளுக்கு மாதந்தோறும் மிஞ்சும் தொகை சிறிதன்று. நாம் அதனை மனமார வரவேற்கிறோம். ஆனால் கட்டணமில்லை என்ற பலகை மாட்டிய வண்டி வந்தால்தானே ஏற முடியும்? நகரம் பெருகிய அதே ஆண்டுகளில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் பெருகவில்லை. 2010ஆம் ஆண்டிற்குப் பின் வந்த பத்தாண்டின் நடுவில் இருந்த தொகையைக் காட்டிலும் 2020க்குப் பின் குறைந்தே இருந்தன. 2025இல் மின்சார பஸ்கள் வந்துள்ளன. புகையில்லை, இரைச்சலில்லை, படியும் தாழ்வு. முதியோர் ஏற எளிது. அவை தனியார் வசமிருந்து ஒப்பந்தத்தின்பேரில் ஓடுவது நல்லதா என்பதைப் பற்றிப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.

சாலையின் நடுவே இப்போது மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பிவருகின்றன. மாதவரத்திலிருந்து வரும் அந்தப் பாதை சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. அங்கிருந்து திருப்போரூர் இன்னும் பல கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும், அதற்கப்பால் காயாருக்கும் மானாம்பதிக்கும் போகிற வழியையும் யார் கடத்துவார்? பஸ்தான் கடத்தவேண்டும். கோடிக்கணக்கான ரூபாயைத் தூணில் கொட்டுகிறவர்கள், தூண் முடியுமிடத்தில் காத்திருக்கும் சிறு வண்டிக்குச் சில லட்சத்தை ஒதுக்க மறந்துவிடுவார்களோ என்பதே நமது அச்சம். பஸ் எட்டாத கிராமங்களுக்கு மினி பஸ் விடும் ஏற்பாடு 1997ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தோன்றியது; சென்னையிலும் 2013இல் சிறிய பஸ்கள் விடப்பட்டன. வழி தெரியாத விஷயமன்று.

திருப்போரூர்வாசிகளும் சுற்றுக் கிராமத்தாரும் கேட்க வேண்டியவை பெரிய வரங்களல்ல. இரவுக் காவற்காரனும் மருந்துத் தொழிற்சாலைப் பெண்ணும் வீடு திரும்பும் வரையில் சாதாரணக் கட்டண பஸ் ஓடவேண்டும். மெட்ரோ திறக்கும் அதே நாளில் சிறுசேரியிலிருந்து திருப்போரூருக்கு இணைப்பு பஸ் தொடங்கவேண்டும். ஆறு மாதம் கழித்து ஆலோசிக்கப்படும் என்ற பதிலை ஏற்கலாகாது. கிருத்திகையன்று விடும் விசேஷ பஸ்களுக்காக அன்றாட வழித்தடத்து வண்டிகளைப் பிடுங்கலாகாது. பக்தர் வருகிற நாளிலும் பூக்காரிக்குப் பிழைப்பு உண்டு. கைப்பேசியில் டிக்கட் வாங்கவும் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கவும் 2025இல் வழி செய்திருக்கிறார்கள், மெத்தச் சரி. கைப்பேசியில்லாத கிழவருக்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேர அட்டவணையைத் தகரத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டவேண்டும். மாட்டியபடி வண்டி வருகிறதா என்று பார்க்க, மாதத்திற்கு ஒரு நாளாவது அதிகாரி ஒருவர், தமது காரை வீட்டில் விட்டுவிட்டு, காலை ஐந்து மணிக்குத் திருப்போரூர் நிறுத்தத்தில் வந்து நிற்கட்டும். சில்லறை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.